ஆறு மாத ஈரம்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மேகலாவால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பையை மடியில் வைத்தாள், காலடியில் தள்ளினாள், மறுபடி மடிக்கு எடுத்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் இரண்டு முறை ஒதுங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது முறை, "இன்னாம்மா, எறங்கணுமா?" என்று கேட்டே விட்டாள். மேகலா இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் லாரிகள் அசையாமல் நின்றன. டிரைவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு கண்டக்டரிடம் ஏதோ கல்யாணக் கதை பேசிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பேருந்தைத் தள்ளலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மே மாதம் தேர்வு. அத்தோடு பல் மருத்துவ மேற்படிப்பு முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு குடியாத்தம் போய்விடலாம். அங்கே கணவன் செந்தில்குமார் இருக்கிறான், விசைத்தறி ஓட்டிக்கொண்டு. நான்கு வயது மகள் ரோஷினி இருக்கிறாள், அப்பாவின் இடுப்பிலும் அத்தையின் இடுப்பிலுமாக வளர்ந்துகொண்டு. ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆய்வேடு வெள்ளிக்கிழமை போய்ச் சேராவிட்டால் தேர்வு நவம்பருக்குத் தள்ளிப்போகும். தேர்வு எழுதாத ஆளைக் கல்லூரியில் சும்மா விடமாட்டார்கள். இன்னும் ஆறு மாதம் அதே ஹாஸ்டலில் தங்கி, அதே நாற்காலியருகே நின்று, நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவள் ஆராய்ந்தது உலகத்தைப் புரட்டிப்போடும் விஷயம் ஒன்றும் இல்லை. சொத்தையைச் சுரண்டிவிட்டு, பல் நிறத்திலேயே ஒரு பசையை அடைத்து, நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்குகிறார்களே, அந்தக் காம்போசிட்தான். கண்ணாடித் தூளைப் பிசினில் குழைத்த பண்டம் அது. அடைத்த அன்றைக்கு ஜம்மென்று இருக்கும். ஆனால் வாய் எந்நேரமும் ஈரமாக இருக்கும் இடம். அந்த ஈரம் மெல்ல மெல்லப் பிசினுக்குள் இறங்கும். பிசின் இளகும், தூளுக்கும் பிசினுக்கும் உள்ள பிடி தளரும். எத்தனை நாளில் எவ்வளவு தளர்கிறது என்பதுதான் மேகலாவின் கேள்வி. அவள் எடுத்துக்கொண்டது புதிதாக வந்திருக்கும் மலிவுச் சரக்கு. காவேரிப்பாக்கம் பக்கத்து ஊர்களில் கல்லூரி நடத்தும் இலவச முகாம்களில் இனிமேல் இதையே அடைக்கலாமா என்று துறையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகத் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டையும் பருமனுமாகச் சின்னச் சின்னப் பட்டைகள் வார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு, உடம்புச் சூட்டில் நிற்கும் பெட்டிக்குள் வைத்து ஊற வைத்தாள். ஒரு மாதம் ஊறியவற்றையும் மூன்று மாதம் ஊறியவற்றையும் கல்லூரி இயந்திரத்தில் வைத்து ஒடித்துப் பார்த்தாயிற்று. பலம் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது. பாக்கி இருந்தது ஆறு மாதம் ஊறியவை மட்டும். "மேகலா சாராய ஊறல் போட்டிருக்காடி, ஒருநாள் போலீஸ் வரும் பாரு" என்று ஹாஸ்டல் தோழிகள் கிண்டலடிப்பார்கள். வாரம் தவறாமல் தண்ணீரை மாற்ற வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். அதனாலேயே ஊருக்குப் போவது குறைந்துபோயிருந்தது. ஆகவே அந்தக் கிண்டலுக்கு அவளால் சிரிக்க முடிந்ததே இல்லை.

ஆறு மாதம் நிறைந்த வாரம் பார்த்துக் கல்லூரி இயந்திரம் படுத்துக்கொண்டது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். இயந்திரங்களுக்கும் ஆள் பார்த்துக் கழுத்தறுக்கும் புத்தி உண்டு என்று மேகலா அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ஆய்வுக்கு வழிகாட்டியான டாக்டர் ராஜகோபால்தான் ஒரு வழி சொன்னார். ஆம்பூரில் தோல் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே தோலை இழுத்துக் கிழித்துப் பார்ப்பார்கள், ஷூவின் அடியில் வைக்கும் இரும்புத் தகட்டை வளைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே மாதிரி இயந்திரம்தான். "அந்த மெஷினுக்குத் தெரியுமா இது பல்லு, அது தோலுன்னு? போய்ட்டு வாம்மா" என்றார்.

திங்கட்கிழமையே போய்ப் பட்டைகளைத் தண்ணீர் புட்டிகளோடு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சாம்பிளை இரண்டு நாள் முன்னால் வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம். வரிசையில் நிறையப் பேர் இருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "பத்திரமா வெச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடி வந்தாள்.

ஆம்பூரில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஷூ கம்பெனிப் பேருந்துகள் பெண்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. காற்றில் தோல் நெடி. மேகலா ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஆட்டோக்காரர் இன்னொரு ஆளுக்காகக் காத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பொறுமையில்லாமல் நடக்கவே தொடங்கினாள். பாதி வழியில் அதே ஆட்டோ அவளைத் தாண்டிக்கொண்டு போனது.

சோதனைக்கூடத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அஸ்பாக். நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, அளந்து பேசும் பேச்சு. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க டாக்டரம்மா. எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன். நீங்க வந்து ஒடிக்க வேண்டியதுதான் பாக்கி."

கனமான ஒரு கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். அறை முழுக்க ஒரே சீரான குளிர். சுவரில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் பெட்டி. கம்பி வலைத் தட்டுகளில் ஒரே அச்சில் வெட்டிய தோல் துண்டுகள், கறுப்பும் பழுப்புமாகக் கிடந்தன. கடைசித் தட்டில், வெள்ளைத் தாளின் மேல், பல் வெள்ளையில் அவளுடைய பட்டைகள். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, கோடு போட்ட மாதிரி அடுக்கியிருந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் அதன் புட்டி, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மேகலா ஒரு பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். சுத்தமாகக் காய்ந்திருந்தது.

"இதுங்கள எப்ப வெளிய எடுத்தீங்க?"

"திங்கக்கெழமயே. நீங்க அந்தப் பக்கம் போனீங்க, நான் இந்தப் பக்கம் எடுத்து வெச்சிட்டேன்."

"தண்ணியிலேர்ந்து எதுக்குப் பாய் எடுத்தீங்க?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? ஈரமா இருக்கற சாம்பிள யாராவது மெஷின்ல வெப்பாங்களா? தோலு நனஞ்சிருந்தா ஒரு நம்பர் காட்டும், காஞ்சா ஒரு நம்பர் காட்டும். அதனாலதான் எது வந்தாலும் மொதல்ல ரெண்டு நாள் இந்த ரூம்ல போட்டு, எல்லாத்தையும் ஒரே பதத்துக்குக் கொண்டு வர்றது. அது பண்ணாம ரிப்போர்ட் குடுத்தா எந்தக் கம்பெனியும் ஒத்துக்க மாட்டான். பத்திரமா வெக்கச் சொன்னீங்க. தண்ணியிலயே விட்டா பூஞ்ச புடிச்சிக்காதா?"

"ஆறு மாசம் பாய்!" அவள் குரல் அந்தக் குளிர் அறையில் கீச்சென்று எழும்பியது. "ஆறு மாசம் தண்ணியிலயே இருந்தது அது. மெஷின்ல வெக்கற நிமிஷம் வரைக்கும் ஈரமா இருக்கணும். அந்த ஈரம் இன்னா பண்ணியிருக்குன்னு பாக்கறதுதான் டெஸ்ட்டே. அத காய வெச்சிட்டு வந்து ரெடின்றீங்களே!"

"அத யாரு சொன்னது என்கிட்ட?"

யாரும் சொல்லவில்லைதான். மேகலாவின் துறையில் நேற்றுச் சேர்ந்த மாணவிகூட ஊறிய பட்டையைக் காய விடமாட்டாள். அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டாள். அஸ்பாக்கின் தொழிலில் நேற்றுச் சேர்ந்த ஆள்கூட நனைந்த துண்டை இயந்திரத்தில் மாட்டமாட்டான். அதைப் போய்க் கேட்க வேண்டுமா என்று அவரும் இருந்துவிட்டார். இரண்டு பேருமே தங்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், அதுதான் வினையாகப் போனது.

"இருவது வருஷமா இந்த ரூம பாக்கறேன் மேடம். என் கையில ஒரு சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார் அஸ்பாக். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்த பேனாக்களை எடுத்து இடம் மாற்றிக் குத்திக்கொண்டார்.

மேகலா வெளியே வந்தாள். கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சிமெண்டு தரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். நடந்துகொண்டே ராஜகோபாலுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மறுபடி தண்ணியில போட்டா எவ்ளோ நாள்ல பழைய நெலமைக்கு வரும்?"

"அந்தப் பருமனுக்கு முழுசா ஊற ஒரு மாசமாவது ஆவும் சார். வெள்ளிக்கெழமக்குள்ள நடக்காது."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "இங்க பாரு மேகலா. ஆறு மாசம் தண்ணியில இருந்தது நிஜம்தானே? பொய் ஒண்ணும் இல்லயே. நடுவுல ரெண்டு நாள் வெளிய இருந்துச்சு, அவ்ளோதான். ஒடிச்சிப் பாத்துட்டு நம்பர எடுத்துக்கிட்டு வா. அந்த ரெண்டு நாளப் பத்தி எழுதணும்னு ஒண்ணும் இல்ல."

"சார், காஞ்சா பலம் கொஞ்சம் திரும்பி வந்துடும் சார்."

"வரட்டுமே. நாளாவ ஆவ சரக்கு நல்லா கெட்டிப்பட்டுடுச்சுன்னு ஒரு வரி சேத்துக்கலாம். எனக்கு இதுல இன்னாம்மா வரப்போவுது? உன் பொண்ணுக்காகத்தான் சொல்றேன். ஜூன்ல ஸ்கூல் சேக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டிருந்த?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் போனை வைத்துவிட்டு நாலு வசவு வைதுகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அவளிடம் குரலை உயர்த்தாதவர். ரோஷினிக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே லீவு எழுதிக் கொடுப்பவர். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்கு எதிராக இல்லை.

ஒடித்துத்தான் பார்ப்போமே என்று உள்ளே போய், பையிலிருந்த சின்னத் தாங்கியை எடுத்து இயந்திரத்தில் பொருத்தினாள். பட்டையின் இரண்டு முனைகளும் உட்கார இரண்டு மேடு, மேலேயிருந்து நட்டநடுவில் அழுத்த ஒரு மழுங்கிய கத்தி. இவ்வளவுதான் ஏற்பாடு. அஸ்பாக் பேசாமல் பொத்தானை அழுத்தினார். கத்தி கண்ணுக்கே தெரியாத மெதுவில் இறங்கியது. திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது, போனது, இன்னும் போனது. டக்கென்று சத்தம். பட்டை இரண்டாகியிருந்தது. நூற்றுப் பத்தைத் தொட்டிருந்தது கணக்கு. வார்த்த புதிதில் என்ன பலமோ, கிட்டத்தட்ட அதேதான்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒரு புள்ளி கூட. ஐந்து பட்டைகள் ஒடிந்தன, ஐந்தும் சிங்கக்குட்டிகள். மேகலாவுக்கு உள்ளே ஜிவ்வென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, ஆறு மாதம் ஊறியும் அசையவில்லை! மே மாதம், பெட்டி, குடியாத்தம் பேருந்து, ரோஷினியின் புதுப் பள்ளிச் சீருடை என்று எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடியது. அந்தச் சந்தோஷம் பொய்யான இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தும் அதை நிறுத்த முடியவில்லை. அது அவளுக்கு அசிங்கமாக இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"ஸ்ட்ராங்காத்தானே இருக்குது மேடம்? இதுக்குப் போயி இவ்ளோ பேஜார் ஆயிட்டீங்களே" என்றார் அஸ்பாக், மனத்தாங்கல் கொஞ்சம் இறங்கிய குரலில்.

ஒடிந்த துண்டுகளைப் போட்டு வைக்க ஒரு உறை வேண்டியிருந்தது. திங்கட்கிழமை புட்டிகளை வைத்துக் கொடுத்த பை மேசைக்கடியில் கிடந்தது. அதன் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். விரலில் குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரு குட்டிப் புட்டி. வார்க்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகச் செய்து, மற்றவற்றோடு சேர்த்தே ஊற வைத்திருந்த மூன்று பட்டைகள் அதில் இருந்தன. திங்கட்கிழமை கிளம்பும்போது பெரிய புட்டிகளில் இடம் இல்லாமல் இதில் போட்டுச் செருகியது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அஸ்பாக்கின் கண்ணில் அது படவில்லை. புட்டியில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது.

மேகலா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜிப்பை மூடிவிடலாம். ஒரு கையசைவுதான். மூடிவிட்டு மீதிப் பட்டைகளை ஒடித்து முடித்து, மதியப் பேருந்தைப் பிடித்துப் போய்விடலாம். கை ஜிப்புக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"அது இன்னாது மேடம்?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு புட்டியின் மூடியைத் திருகினாள்.

அவள் இடுக்கியால் பட்டையை எடுத்ததுமே அஸ்பாக்கின் கை தன்னால் டிஷ்யூ தாளை நீட்டியது. வேண்டாம் என்று தலையாட்டினாள். நீர் சொட்டச் சொட்ட அதைத் தாங்கியில் வைத்தாள். ஒரு துளி இயந்திரத்தின் பளபளப்பான இரும்பில் வழிந்தது. அஸ்பாக்குக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் வாயைத் திறக்காமல் பொத்தானை அழுத்தினார். கோடு ஏறியது. டக்கென்ற சத்தம் இந்த முறை எதிர்பார்க்காத நேரத்தில் வந்துவிட்டது, மேகலா திடுக்கிட்டாள். எழுபத்திரண்டு.

அடுத்தது எழுபது. அதற்கடுத்ததும் எழுபதை ஒட்டியே. மூன்று மாதம் ஊறியவற்றைவிடவும் இறங்கியிருந்தது.

அஸ்பாக் திரையையும் பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்ளோ கம்மியா? அதே சரக்குதானே மேடம்?"

"அதே சரக்கு. ஒரே நாள்ல வாத்தது."

"அப்ப எந்த நம்பரு சரி?"

"ரெண்டும் சரிதான் பாய். ஆனா வாய்க்குள்ள இருக்கப்போறது இந்த நம்பர்தான். வாய் எப்ப காயுது?"

வெளியே போய் மறுபடி போன் செய்தாள். மூன்று கணக்கையும் ராஜகோபாலிடம் சொன்னாள். அவர், "மூணு பட்டைய வெச்சி யாரும் தீசிஸ் எழுத முடியாதும்மா. அந்த மூணையும் பாக்கலன்னு நெனச்சிக்கோ" என்றார்.

மதிலோரம் நின்றபடி அவள் அந்த முகாம்களை நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக ஜனங்கள். முகாமில் பல் அடைத்துக்கொண்டவர்கள், அடைப்பு உடைந்தால் திரும்பி வந்து சண்டை போடமாட்டார்கள். நம்ம பல்லுதான் சரியில்ல என்று சொல்லிக்கொண்டு, அடுத்த பக்கத்தால் மெல்லத் தொடங்கிவிடுவார்கள். நூற்றுப் பத்து என்று அவள் எழுதினால், அதை நம்பித் துறையில் இந்தச் சரக்கையே அடைப்பார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"சார், வெள்ளிக்கெழமைக்குக் குடுக்கல சார். மீதிய மறுபடி ஊற வெக்கறேன்."

"நல்லா யோசிச்சியா மேகலா?"

"இல்ல சார். யோசிச்சா ஒடிச்சிடுவேன்."

உள்ளே வந்து, காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைக்குமா என்று அஸ்பாக்கிடம் கேட்டாள். அவர் ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து, காய்ந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதனதன் புட்டியில் போட்டார்கள். தண்ணீரில் விழும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குமிழை விட்டது. ஒடித்த ஐந்தும் காய வைத்தவை என்று அவள் நோட்டில் தெளிவாக எழுதிவைத்ததை அஸ்பாக் எட்டிப் பார்த்தார்.

"எழுதறதுல எம் பேரு வருமா மேடம்?"

"வராது. சொல்லாம போனது நான்தானே."

அவர் கடைசிப் புட்டியின் மூடியை இறுக்கினார், இன்னொரு தரம் இறுக்கினார். "அடுத்த தடவ நீங்க வர்ற வரைக்கும் நான் அந்தப் பையையே தொட மாட்டேன். உங்க கையாலயே தண்ணியோட எடுத்து வெச்சிக்குங்க. மெஷின் நனஞ்சா நான் தொடச்சிக்கறேன்." அவருடைய தொழிலில் அது எவ்வளவு பெரிய சொல் என்று மேகலாவுக்கு அப்போது புரிந்தது. புட்டிகளைப் பையில் அடுக்கி எடுத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தில் வேலூர் பேருந்து புறப்படத் தயாராக இருந்தது. ஏறப்போனவள் படியிலிருந்து இறங்கினாள். பேரணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் போகும் பேருந்து அந்தக் கடைசியில் நின்றது. அதில் போய் ஏறி உட்கார்ந்து, புட்டிகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மனசு ஹாஸ்டலுக்குப் போக மறுத்தது, அவ்வளவுதான்.

பேருந்து நகரும்போது செந்தில்குமார் போனில் வந்தான். பின்னால் தறிச் சத்தம் சடசடவென்று அடித்தது.

"இன்னா, முடிஞ்சுதா?"

"வீட்டுக்கு வர்றேங்க. வந்து சொல்றேன்."

"வீட்டுக்கா? இன்னிக்கா?" அவன் குரல் துள்ளியது. "அப்ப முடிச்சிட்ட! புள்ளகிட்ட சொல்லிடட்டா?"

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தறிச் சத்தத்தில் கேட்காது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு எழுத்து வழி நெடுகிலும் அவளை அரித்தது. ஒவ்வொரு வளைவிலும் மடியில் தண்ணீர் தளும்பியது. இறங்கிப் போய் மீதியையும் ஒடித்துவிட்டு வந்துவிடலாமா, அஸ்பாக் இன்னும் கிளம்பியிருக்கமாட்டார், இப்போதுகூட நேரம் இருக்கிறது என்று பேரணாம்பட்டு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தாள். பேரணாம்பட்டில் பேருந்து கால் மணி நேரம் நின்றது. இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, ஆம்பூர் பேருந்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலை ஒட்டின கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி இறங்கிக்கொண்டிருந்தது. செந்தில்குமார் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு சிரித்துக்கொண்டே வந்தான். அவள் முகத்தையும், மார்போடு அணைத்திருந்த பையையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

கொட்டகை ஓரத்தில் நின்றே சொன்னாள். தறிச் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, தான் செய்தது தனக்கே கிறுக்குத்தனமாகத் தெரிந்தது.

"அப்ப நவம்பரா?"

"நவம்பர்."

"அந்த டாக்டரே போடுன்னு சொல்றாரு. இன்னா மேகலா நீ? யாருக்குத் தெரியப்போவுது?"

"யாருக்கும் தெரியாதுங்க. அதான்."

அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று எதிர்பார்க்க அவளுக்கும் உரிமை இல்லை. மூன்று வருடமாகக் குழந்தைக்குச் சோறூட்டி, தலை சீவி, ராத்திரியில் எழுந்து தண்ணீர் கொடுத்தவன் அவன்.

"உனக்கு அந்தக் குச்சிங்க பெருசா, புள்ள பெருசா? ஒரே ஒரு பதில் சொல்லிட்டுப் போ."

மேகலாவுக்கு அழுகைதான் வந்தது. புறங்கையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவன் சமாதானப்படுத்தவில்லை. அறுந்துபோன இழையைக் கட்ட ஒரு தறிக்கு மட்டும் போய்விட்டு, திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல், "மொகத்தக் கழுவிக்கோ. புள்ள வருது" என்றான்.

அத்தை குளிப்பாட்டிப் பவுடர் பூசி அனுப்பியிருந்தாள் போலிருக்கிறது. நெற்றியில் திட்டுத் திட்டாக வெள்ளையோடு ரோஷினி வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் பையைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"எப்ப போவ?" என்று கேட்டாள்.

வருத்தமாகக் கேட்கவில்லை. கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நவம்பர் என்று நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

"காலைல போவணும்டா கண்ணு."

ரோஷினி தலையை ஆட்டினாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு அம்மாவின் ஒரு விரலை மட்டும் பிடித்து, "அப்ப சீக்கிரம் வா" என்று இழுத்தாள்.

பூனை குட்டி போட்டிருந்த கோணிமூட்டையைக் காட்டினாள். புதுச் செருப்பைக் காட்டினாள். சுவரில் தானே வரைந்த ஒரு பஸ்ஸைக் காட்டினாள், ஒற்றைக் காலில் நின்று காட்டினாள், முழங்காலில் விழுந்து அடிபட்ட இடத்தைக் காட்டினாள். எப்படி விழுந்தாய் என்று மேகலா குனிந்து கேட்டபோது, அது பெரிய கதை என்பதுபோலக் கையை உதறிவிட்டாள். அடுத்ததைக் காட்ட, அம்மாவின் விரலைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.